கடைசியாகத் திறந்த நேரம்

எங்கள் ஆபீஸில் ஒரு ஆவி இருக்கிறதாம்.

மூன்றாவது மாடி, ஜன்னல் ஓரம், தண்ணீர் மெஷினுக்கு அடுத்த மேஜை. செத்துப் போன ஒரு ஆள் அங்கே இருந்த கம்ப்யூட்டருக்குள் வந்து தன் அக்காவோடு பேசினானாம். கறுப்புத் திரையில் எழுத்து தானாக ஓடியதாம். அக்காக்காரி வீல் என்று அலறிக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடி, அந்த வாரம் வெளியே போக வேண்டிய சரக்கையே நிறுத்திவிட்டாளாம். கணக்குப் பிரிவு அம்மா சொன்னபோது எழுத்து மட்டும்தான் ஓடியது. அது கீழே கேன்டீனுக்கு வந்து சேர்வதற்குள் இருமல் சத்தமும் சேர்ந்துவிட்டது. செக்யூரிட்டி சொல்லும்போது ஆவி டீ கேட்டது. ஏசி ரிப்பேர்க்காரர் துணை இல்லாமல் அந்த மூலைக்குப் போக மாட்டேன் என்கிறார். ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டுமாம், அப்படி ஒரு சாக்கு.

வம்புக்கு நான் விரோதி இல்லை. ஆபீஸ் வேன் ஓட்டுகிறவன். வேனில் ஏறுகிற பேச்சு எல்லாம் கடைசியில் இறங்குகிற இடம் என் காதுதான். ஆனால் இந்த விஷயத்தில் ஊர் பேசுவது ஒன்று, நடந்தது ஒன்று. அந்தக் கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினவனே நான்தான். லிஃப்ட் அன்றைக்கு வேலை செய்யவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அந்த அக்காவுக்கு ஆபீஸில் வைத்த பெயர் நொட்டை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. எதை எடுத்தாலும் ஒரு நொட்டை சொல்வாள், அதனால் அந்தப் பெயர். அவள் வேலையும் அதுதான். மற்றவர்கள் ராவும் பகலும் உட்கார்ந்து ஒரு ப்ரோக்ராம் எழுதுவார்கள். இவள் அதைக் கொண்டுபோய் உடைக்கப் பார்ப்பாள். கேட்கக் கூடாத கேள்வி எல்லாம் கேட்பாள். பெயரே இல்லாத ஃபைல் கொடுத்தால் என்ன பண்ணும்? பெயர் முழுக்க வெறும் இடைவெளியாக இருந்தால்? சொந்தக்காரனை மெஷினிலிருந்து நீக்கிவிட்ட ஃபைலாக இருந்தால்? உடைந்தால் அவளுக்குச் சந்தோஷம். உடையாவிட்டால் இன்னும் சந்தேகம்.

அந்தப் புத்தி வீட்டுக்குப் போகும்போது கழன்று விழுந்துவிடுமா? என் வேனில் முதல் நாள் ஏறி உட்கார்ந்ததும் சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள். அது கையோடு வந்துவிட்டது. “என்னப்பா, இது அழகுக்கு மாட்டி வச்சிருக்கீங்களா?” என்றாள். எங்கள் மேனேஜர் மகள் கல்யாணப் பத்திரிகையில் தேதிக்கும் கிழமைக்கும் பொருந்தவில்லை என்று சிவப்பு மையில் வட்டம் போட்டு அவர் மேஜையிலேயே திருப்பி வைத்தவள் அவள். அந்த மனுஷனும் பாவம், எதைச் சொன்னாலும் ஆகட்டும் என்பார். அதனால் அவர் பெயர் ஆகட்டும் சார். “ஆகட்டும்மா” என்று சொல்லிப் பத்திரிகை எல்லாவற்றையும் மறுபடி அடித்தார்.

கல்யாணம் ஆகாதவள். அம்மாவோடு ஒரு மாடி வீட்டில் இருந்தாள். அம்மா போன பிறகு அதே வீட்டில் தனியாக. கூடப் பிறந்தது ஒரே தம்பி. அவன் ரப்பர் ஸ்டாம்ப், பெயர்ப் பலகை செய்கிற கடை வைத்திருந்தான். ஒன்று கவனித்திருக்கிறேன். ஆபீஸில் சின்னப் பையன்களை எல்லோரும் தம்பி, தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் மட்டும் “ஏம்ப்பா” என்பாள். அந்தச் சொல்லை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டாள்.

அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளாமல் போன கதை எனக்கு ஒரே நாளில் கிடைக்கவில்லை. சிக்னலுக்குச் சிக்னல் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

அம்மாவுக்குத் திடீரென்று வயிற்றுவலி. குடல் முறுக்கிக்கொண்டது, உடனே ஆபரேஷன் பண்ண வேண்டும் என்றார் டாக்டர். தம்பி வெளியூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பலகை மாட்டப் போயிருந்தான். போன் எட்டவில்லை. ஏணி மேல் நிற்கிறவனுக்குப் போன் எங்கே எட்டும்? அவன் வரும்வரை காத்திருக்கலாமா என்று இவள் கேட்டிருக்கிறாள். கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவும், “பண்ணிடச் சொல்லு. அவன் வந்தா நான் சொல்லிக்கிறேன்” என்றிருக்கிறாள். “எங்கிட்ட சொல்லாதே, இதுல சொல்லு” என்று இவள் போனில் பதிவைப் போட்டு அம்மா வாய்க்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறாள். அவனுக்கு அனுப்பலாம் என்றுதான். அனுப்புவதற்குள் படுக்கையைத் தள்ளிக்கொண்டு போக ஆள் வந்துவிட்டான். இவள் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அம்மா கண் விழிக்கவே இல்லை.

தம்பி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் கேட்டது இவ்வளவுதான்.

“நான் வர்றதுக்குள்ள என்ன அவசரம்? கையெழுத்துப் போட்டது நீதானே?”

அதன் பிறகு அவன் அக்காவிடம் வாய் திறக்கவில்லை. இவள் நம்பரைப் போனில் பிளாக் பண்ணிவிட்டான். அம்மா பேசியதை அனுப்பினாலும் போய்ச் சேராது. நேரில் போனால் கடையிலிருந்து எழுந்து உள்ளே போய்விடுவான். சத்தம் போட்டுச் சண்டை போடுகிறவனை ஒரு வழியாகச் சமாளிக்கலாம். வாயை மூடிக்கொண்டவனை என்ன செய்வது?

ஒரு நாள் அவன் பலகை மாட்ட வெளியே போயிருந்த நேரம் பார்த்து இவள் கடைக்குப் போனாள். கடையில் இருந்த கம்ப்யூட்டர் இவள் கொடுத்ததுதான். ஆபீஸில் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி, துடைத்து, அவனுக்காகத் தயார் செய்து கொடுத்தது. உரிமையாளர் பெயர் கேட்ட இடத்தில் ‘தம்பி’ என்றே போட்டிருந்தாள். அதில் அம்மாவின் குரலை ஏற்றி, திரையில் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள். ‘அம்மா பேசினது’ என்று பெயர் கொடுத்தாள். தம்பி பெண்டாட்டி பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

அவன் வந்ததும் அந்தப் பெண், “அண்ணி வந்து ஏதோ வச்சிட்டுப் போயிருக்காங்க” என்றாளாம்.

“வச்சா வச்சிட்டுப் போகட்டும்” என்றானாம்.

அதோடு சரி. கேட்டானா, கேட்கவில்லையா? இவள் போன் அடிக்கும் என்று காத்திருந்தாள். மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தது. பிறகு ஒரு நாள் போன் வந்தது. ஆனால் அது தம்பி இல்லை, தம்பி பெண்டாட்டி. கடையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, பாதி வெட்டிய ஸ்டாம்ப் கையில் இருக்க, நெஞ்சு அடைத்துப் போயிருந்தான்.

அடக்கம் முடிந்து வேலைக்கு வந்த அன்று வேனில் அவள் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். “கேட்டானான்னு தெரியலையேப்பா.” நான் கண்ணாடியில் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் அவள் சோதித்துக்கொண்டிருந்த ப்ரோக்ராம் சாமானைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எனக்குப் புரிந்த அளவுதான் சொல்ல முடியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது.

படம் இல்லை, பொத்தான் இல்லை, வெறும் கறுப்புத் திரை. அதில் கட்டளையைத் தட்டினால், ஒரு ஃபைலைப் பற்றிய விவரம் எல்லாம் வரிசையாக வரும். எவ்வளவு பெரியது, யாருடையது, யார் தொடலாம், எப்போது மாற்றினார்கள், கடைசியாக எப்போது திறந்தார்கள். பாட்டா, படமா, கணக்கா என்று வகையையும் சொல்லும். அடுக்குமாடி வீட்டு வாட்ச்மேன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வீடு பெரிசு, யார் குடியிருக்கிறார்கள், கடைசியாக எப்போது கதவு திறந்தது, எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் யார் வீட்டுக்குள்ளும் போகக் கூடாது. வாங்கப் போகிறவர்கள் கேஸ் விசாரிக்கிற ஆட்கள். பிடித்துக்கொண்டு வந்த கம்ப்யூட்டரைச் சோதிக்க அவர்களுக்கு இது வேண்டும். அவர்கள் போட்ட நிபந்தனையே ஒன்றுதான்: பார்க்கலாம், தொடக் கூடாது.

அதை எழுதினவன் ஒரு வாலிபன். நடக்கவே தெரியாது, ஓட்டம்தான். அவனுக்குப் புயல் என்று பெயர். புயலும் நொட்டையும் பல மாதம் அடித்துக்கொண்டார்கள்.

“மேடம், இந்த மாதிரி ஃபைல் உலகத்துலயே கிடையாது. நீங்க வேணும்னே செஞ்சது.”

“நான் ஒருத்தி செஞ்சேன்ல? உலகத்துல நானும் இருக்கேன்ல?”

கடைசியில் எல்லாம் சரியாகி, வெள்ளிக்கிழமை அனுப்பலாம் என்று நொட்டை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அன்றைக்குப் புயல் மாடி முழுக்க இனிப்பு கொடுத்தான். எனக்கு இரண்டு கிடைத்தது.

அந்த வாரம்தான் தம்பி பெண்டாட்டி கூப்பிட்டாள். கடையைக் காலி செய்கிறாளாம், கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டாள். வேனை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். குறுகலான கடை. சுவரில் பாதி எழுதின பலகைகள். ஒன்றில் ‘டாக்டர்’ என்பது வரை எழுதியிருந்தது, அதற்கு மேல் காலி. தரையில் ரப்பர் தூள்.

நொட்டை கம்ப்யூட்டரைப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தொடவில்லை.

“இதை யாராச்சும் போட்டீங்களாம்மா? அவன் போனதுக்கு அப்புறம்?”

“இல்ல அண்ணி. அன்னிக்கு நிறுத்தினதுதான். எனக்குப் போடவே தெரியாதே. தூசி துடைக்கக்கூட மனசு வரல.”

“நல்ல வேளை.”

அந்தப் பெண்ணுக்கு அது ஒரு மாதிரி ஆகிவிட்டது. “துடைக்காததுலயா நல்ல வேளை?” என்றாள். நொட்டை அவள் தலையில் கை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, “பார்த்துத் தூக்குப்பா. ஆட்டாதே” என்றாள்.

வேனில் அந்தப் பெட்டியை சீட்டில் உட்கார வைத்து, அவள் பிடுங்கின பிறகு நான் புதிதாகப் போட்ட பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

“அக்கா, அதுக்கு எதுக்கு பெல்ட்?”

“ஓட்டுறது நீதானே?”

சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான். வழியில் நான் கேட்டேன், “இதுல என்ன பார்க்கப் போறீங்க? அந்தக் குரலைப் போட்டுக் கேட்டுட்டா ஆச்சு.”

“அய்யய்யோ, போடவே கூடாது! போட்டா நேரம் மாறிடும். நான் அதை அங்க வச்ச நாள் எனக்குத் தெரியும்ப்பா. அவன் தொடவே இல்லைன்னா, கடைசியாத் திறந்த நேரம்னு அந்த நாளேதான் இருக்கும். அதுக்கு அப்புறம் ஒரு நாள் இருந்துச்சுன்னா…”

“இருந்துச்சுன்னா?”

“கேட்டிருக்கான்.” பிறகு, “எங்கிட்ட பேசாமப் போனாப் போகட்டும். அம்மா பேசினதைக் கேட்டுட்டுப் போயிருந்தாப் போதும்” என்றாள்.

எனக்கு ஸ்டியரிங் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. முன்னால் போன லாரிப் புகை என்று வைத்துக்கொள்வோம்.

சாப்பாட்டு நேரம். மாடியில் பாதிப் பேர் இல்லை. பெட்டியை அவள் மேஜையில் வைத்து வயர் மாட்டினேன். அவள் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். இங்கேதான் எல்லோரும் கேட்கிற கேள்வி வருகிறது. அவ்வளவு விவரம் தெரிந்தவள், புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் “எதையும் அசலில் பார்க்காதே, நகல் எடுத்து அதில் பார்” என்று பாடம் நடத்துகிறவள், ஏன் நகல் எடுக்கவில்லை? நானும் கேட்டேன், பிற்பாடு. “கை போயிடுச்சுப்பா” என்றாள். பல மாதமாகத் தட்டித் தட்டிப் பழகிய கட்டளை. அதைத் தானே சோதித்திருக்கிறாள். தொடாது என்று தானே கையெழுத்தும் போட்டிருக்கிறாள். உலகத்தில் எதையும் நம்பாதவள், அந்த ஒரு சாமானை நம்பிவிட்டாள்.

அவள் அந்தச் சாமானைப் பென் டிரைவிலிருந்து ஏற்றினாள். கட்டளையைத் தட்டினாள். வரிகள் வந்தன.

பெயர்: அம்மா பேசினது. வகை: குரல் பதிவு. உரிமையாளர்: தம்பி. கடைசியாகத் திறந்த நேரம்: இன்றைய தேதி, அந்த நிமிஷம்.

அவள் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது தொட்டேனோ என்று சந்தேகம் வந்திருக்கும். நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். மறுபடி அதே கட்டளை. மறுபடி இன்றைய தேதி. அவள் அலறவில்லை. 

அந்த நேரத்தில்தான் கணக்குப் பிரிவு அம்மா தண்ணீர் பிடிக்க வந்தாள். பாட்டில் நிரம்பும்வரை சும்மா நிற்கத் தெரியுமா? திரையை எட்டிப் படித்தாள். உரிமையாளர், தம்பி. திறந்தது, இன்று. தம்பி செத்துப் போன விஷயம் ஊருக்கே தெரியும். பாட்டில் வழிந்து தரையெல்லாம் தண்ணீர். அந்த அம்மா மூடியைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். ஆவி பிறந்தது அங்கேதான். பிறந்த இடத்தையும் நேரத்தையும் நானே சாட்சி சொல்கிறேன்.

நொட்டை புயலைக் கூப்பிட்டாள். அவன் வாயில் சாப்பாட்டோடு ஓடி வந்தான்.

“ஏம்ப்பா, இது ஃபைலைத் திறக்குதா?”

“இல்லையே மேடம். விவரம் மட்டும்தான்…” மென்று விழுங்கினான். “வகை சொல்லணும்ல. அதுக்கு மட்டும் உள்ள போய் ஆரம்பத்துல கொஞ்சம் படிக்கும். பாட்டா படமான்னு வேற எப்படித் தெரியும்?”

“படிச்சா நேரம் மாறுமா மாறாதா?”

“மாறும். ஆனா பழைய நேரத்தையே திரும்ப எழுதி வச்சிடுற மாதிரி…” குனிந்து திரையைப் பார்த்தான். தன் இடத்துக்கு ஓடினான். திரும்பி வந்தபோது நடந்து வந்தான். புயல் நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். “எழுதலாம்னு குறிச்சு வச்சேன் மேடம். எழுத மறந்திருக்கேன்.”

“நான் இதைச் சோதிச்சேனே. கட்டளை கொடுக்குறதுக்கு முந்தி ஒரு தடவ நேரம் பார்த்தேன், பிந்தி ஒரு தடவ பார்த்தேன். நேரம் மாறவே இல்லையே.”

“நம்ம டெஸ்ட் மெஷின்ல… கடைசியாத் திறந்த நேரத்தைக் குறிக்கிறதையே நிறுத்தி வச்சிருக்கோம் மேடம். வேகமா ஓடட்டும்னு. அங்க யார் திறந்தாலும் நேரம் மாறாது.”

அதாவது வாட்ச்மேன் வீட்டுக்குள் போய்ப் போய் வந்திருக்கிறார். இவள் சோதித்த கட்டடத்தில், கதவு திறந்ததைக் குறிக்கிற ஏற்பாடே இல்லை. அதனால் வாட்ச்மேன் யோக்கியர் என்று இவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தம்பி கடை மெஷினில் அந்த ஏற்பாடு இருந்தது. அதையும் தயார் செய்து கொடுத்தவள் இவள்தான்.

“பழைய நேரத்தை எடுக்க முடியாதாப்பா?”

“அதே இடத்துல மேல எழுதிடும் மேடம். பழசு இருக்காது.” அவனுக்கு என்ன விஷயம் என்று அப்போதும் தெரியாது. “பாட்டு போடுற ப்ரோக்ராம்ல பார்க்கலாமே. கடைசியா எது ஓடுச்சுன்னு அது ஞாபகம் வச்சிருக்கும்.”

“பழைய மெஷின், இடம் அடைக்கும்னு அதையும் நான் நிறுத்தி வச்சிட்டேன்.”

பிறகு நான்தான் அவன் காதில் விஷயத்தைச் சொன்னேன். பையன் அவள் மேஜைக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான், சிந்தின தண்ணீரிலேயே. சாயங்காலம் வரை ஏதேதோ செய்து பார்த்தான். கிடைக்கவில்லை.

அவள் மேனேஜர் அறைக்கு ஓடவில்லை. பாத்ரூம் போய்விட்டு, புடவையைச் சரி செய்துகொண்டு, நடந்துதான் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. சாவி கொடுக்கப் போன மாதிரி நான் வெளியே நின்றேன்.

“சார், வெள்ளிக்கிழமை அனுப்பக் கூடாது. நிறுத்துங்க.”

வாழ்நாளில் முதல் தடவையாக ஆகட்டும் சார் ஆகட்டும் என்று சொல்லவில்லை. “என்னம்மா இது? நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?”



“ஆமா சார். நான்தான் போட்டேன். தப்பாப் போட்டுட்டேன்.”

“அடுத்த மாசம் சரி பண்ணி அனுப்பிக்கலாம்மா. கடைசியா யார் எப்பத் திறந்தாங்கன்னு எவன் உக்காந்து பார்க்கப் போறான்? யாருக்கு வேணும் அது?”

“எனக்கு வேணும் சார்.”

அவ்வளவுதான். அழுகை அதற்கு மேல்தான் வந்தது. அவர் எழுந்து கதவைச் சாத்த வந்தார். என்னைப் பார்த்துவிட்டுச் சாத்தினார். மறுபடி திறந்தபோது, “ஆகட்டும்மா, ஆகட்டும்” என்று சொல்லிக்கொண்டே அவளுக்கு முன்னால் நடந்து லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் ஓடவில்லை என்பது அவருக்கும் மறந்துவிட்டது.

அன்றைக்கு வேனில் மற்றவர்கள் எல்லாம் இறங்கின பிறகு அவள் தம்பி பெண்டாட்டிக்குப் போன் போட்டாள். மடியில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பெட்டி பக்கத்து சீட்டில் இருந்தது, பெல்ட்டோடு.

“பார்த்தீங்களா அண்ணி? கேட்டிருந்தாரா?”

“தெரியலம்மா. அதைப் பார்க்கப் போய் நானே அழிச்சிட்டேன்.”

 அந்தப் பெண் சட்டென்று, “கேட்டாரு அண்ணி. எனக்கு ஞாபகம் இருக்கு. கதவைச் சாத்திக்கிட்டுக் கேட்டாரு. அடுப்படி வரைக்கும் சத்தம் வந்துச்சு. கேட்டு முடிச்சிட்டு அழுதாரு” என்றாள்.

நொட்டை நிமிர்ந்தாள். இருபது வருஷமாக அடுத்தவர் வேலையில் ஓட்டை தேடுகிற மூஞ்சி அது. நான் கண்ணாடியில் பார்த்தேன்.

“அம்மா என்னம்மா சொன்னாங்க அதுல?”

“அது… உங்க ரெண்டு பேரையும் ஒத்துமையா இருக்கச் சொன்னாங்க. பார்த்துக்கோங்கன்னு. அழுதுக்கிட்டே சொன்னாங்க அண்ணி.”

நான் வேனை ஓரம் கட்டினேன். எனக்கு அடுத்தது தெரியும். பத்திரிகையில் சிவப்பு வட்டம் போட்டவள், என் பெல்ட்டைப் பிடுங்கியவள், இதை விடுவாளா?

“ஆமாம்மா” என்றாள் நொட்டை. “அதேதான் சொன்னாங்க. நீ சாப்பிட்டியா?”

போனை அணைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பழம் விற்கிறவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். நான் என்ஜினைப் போடவில்லை. பிறகு அவளே மடியில் இருந்த போனை மறுபடி எடுத்து, அதில் இருந்த அம்மாவின் குரலைப் போட்டாள். அம்மா போனதிலிருந்து இவளும் அதைக் கேட்டதில்லையாம். அவன் கேட்ட பிறகு கேட்கலாம் என்று வைத்திருந்தாளாம்.

சின்னப் பதிவுதான். பின்னால் சக்கர நாற்காலி ஓடுகிற சத்தம். அந்த அம்மா அழவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. கறாரான குரல். “டேய், நான்தான்டா பண்ணச் சொன்னேன். இவளைத் திட்டாதே. சாப்பிட்டுட்டு வா, வெறும் வயித்தோட வராதே.” அப்புறம் வேறு பக்கம் திரும்பி, “அந்த ஃபேனை நிறுத்துங்க, குளிருது.” அதோடு முடிந்துவிட்டது.

நொட்டை அதை இன்னொரு தடவை போடவில்லை. “போலாம்ப்பா” என்றாள்.

சாமானைப் புயல் சரி செய்தான். டெஸ்ட் மெஷின் எல்லாவற்றிலும் அந்த நேரம் குறிக்கிற ஏற்பாட்டைத் திரும்ப முடுக்கிவிட்டார்கள். மெதுவாக ஓடுகிறது என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். நொட்டை முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சோதித்து, மறுபடி கையெழுத்துப் போட்டாள். பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று புயல் சொன்னான். சரக்கு போனது. வாங்கினவர்கள் யாரும் அந்த வரியைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தம்பி பெட்டி இப்போது அவள் வீட்டில் இருக்கிறது. தூசி துடைக்கிறாள், கரண்ட் கொடுப்பதில்லை.

இதை எழுதிக்கொண்டு போய் வேனில் அவளிடமே கொடுத்தேன். ஆவி, இருமல், டீ எல்லாம் வருகிற முதல் பக்கத்தைப் படித்தாள். முன்பெல்லாம் இதற்குச் சிரித்திருப்பாள். கைப்பையில் சிவப்புப் பேனா தேடினாள், கிடைக்கவில்லை. காகிதத்தை என் பக்கம் நீட்டி, வாயாலேயே சொன்னாள்.

“செத்தவன் வந்து பேசினானாமா? உயிரோட இருந்தப்பவே அவன் எங்கிட்ட பேசலப்பா. அன்னிக்கு அந்த ஃபைலைத் திறந்தது அவனும் இல்ல, அவன் ஆவியும் இல்ல. நான். அதை முதல்ல எழுது.”